கல்லாறும் கல்லாரும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் இடத்தில் அமைந்திருப்பது கல்லாறு. பெயருக்கேற்ற ஊர் அது. ஆற்றுப் படுகை முழுவதும் கற்கள். நீரின் நெடுநாள் உழைப்பால் முனை மழுங்கி உருண்டு திரண்ட கற்கள். அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் பொன்முடி. நம் சங்கத்துக் குடும்பங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்வழியே சென்றபோது ஆற்றங்கரையில் இறங்கிச் சற்று இளைப்பாறின. அங்கே நிகழ்ந்த இரு சிறு நிகழ்ச்சிகள் நம் உள்ளத்தை விட்டு இன்னும் அகலவில்லை. அவற்றை முதலில் சொல்லி, அவற்றால் எழுந்த வழக்கை இம்மலரைப் படிப்போர் முன் வைக்க விழைகிறோம்.

ஊர்ப்பெயர்ப் பலகையில் பெயர் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருந்தது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்து, "கள்ளர்" என்றான்; "இங்கே திருடர்கள் இருந்தார்களா, அப்பா?" என்றும் கேட்டான். பள்ளியில் மலையாளம் பயிலும் அவன் தமக்கை, "கள்ளர் இல்லைடா, கல்லார்" என்று திருத்தினாள். அருகில் அமர்ந்திருந்த அவர்களுடைய ஆச்சி சிரித்து, "கல்லும் ஆறும் சேர்ந்தா கல்லாறு, மக்களே" என்றார். ஆச்சி பலகையைப் படிக்கவில்லை; ஆற்றைப் படித்தார். கள்ளர் என்றது ஆங்கில எழுத்தின் குறை. கல்லார் என்றது மலையாள ஒலியளவில் பிழையன்று. ஆயினும் தமிழ்ச் செவிக்கு அச்சொல் கல்வியில்லாதவரைக் குறிக்கும். கல்லாமைக்கென்றே திருவள்ளுவர் தம் நூலில் 41-ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறார். அந்தச் சொல் அன்று ஊரைச் சுட்டியதா, நம்மைச் சுட்டியதா என்னும் ஐயம் நமக்கு உண்டாயிற்று.

அந்த ஐயத்தை இரண்டாம் நிகழ்ச்சி தீர்த்து வைத்தது. உடன் வந்த அன்பர் ஒருவர் தம் மகளின் திருமண அழைப்பிதழை ஆற்றங்கரையிலேயே அனைவருக்கும் வழங்கினார். தந்த நிறத் தடித்த அட்டை, அதன்மேல் பொன்னிற எழுத்து, எழுத்தெல்லாம் ஆங்கிலம். மணமக்கள் பெயர்கள் கொடிபோல் சுருண்டு படர்ந்திருந்தன; மற்ற வரிகள் வலப்புறம் சாய்ந்து நின்றன. ஆச்சி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பொண்ணு பேரு எங்க இருக்கு, மக்களே?" என்று பேரனிடம் நீட்டினார். ஆங்கிலப் பள்ளியில் பயிலும் அப்பேரனும் திகைத்தான். முதலெழுத்து எஸ்ஸா, எல்லா, ஜேயா என்று அவனுக்கு விளங்கவில்லை. தமிழ் மட்டும் அறிந்த மூதாட்டிக்கும் அது எட்டவில்லை; ஆங்கிலம் மட்டும் படிக்கும் சிறுவனுக்கும் அது எட்டவில்லை. அழைப்பிதழ் யாரை அழைக்கிறது?

அன்பரிடம் மெல்லக் கேட்டோம். "கடையில் தமிழுக்கு அழகான எழுத்து இல்லை என்றார்கள். மேலும் இப்போது தமிழைப் படிக்கிறவர் யார்?" என்றார். இவ்விரு கூற்றுகளையும் நாம் மறுக்கிறோம். முதற்கூற்று அறியாமை, இரண்டாவது, அவ்வறியாமையின் விளைவையே அதற்குக் காரணமாகக் காட்டுவது.

எழுத்தர் ஈன்ற எழில்

அன்பர் வியந்த அந்த ஆங்கில எழுத்துகளின் குலமுறையை முதலில் ஆராய்வோம். சாய்ந்து நிற்கும் மெல்லெழுத்துக்குச் 'சான்சரி' என்று பெயர். சான்சரி என்பது அரசு ஆவணங்கள் எழுதப்படும் அலுவலகம். இத்தாலி நாட்டில் போப்பாண்டவரின் அலுவலகத்திலும் பிற அரசு அலுவலகங்களிலும் ஓலை எழுதிய எழுத்தர்கள், விரைவாகவும் தெளிவாகவும் எழுதவேண்டிய கட்டாயத்தால் உருவாக்கிய கையெழுத்து அது. வெனிஸ் நகரத்து ஆல்தூஸ் மனூத்தியூஸ் 1501-இல் வர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டபோது, அத்தகைய சாய்ந்த கையெழுத்தை ஈய எழுத்தாக வார்ப்பித்துப் பயன்படுத்தினார். போப்பாண்டவரின் அலுவலகத்தில் எழுத்தராயிருந்த அர்ரீகி 1522-இல் அக்கையெழுத்தைக் கற்பிக்கும் கையேடு ஒன்றை வெளியிட்டார். அம்மரபைச் செருமானியக் கலைஞர் ஹெர்மன் சாப்ஃப் (1918–2015) நம் காலத்திற்குக் கொணர்ந்தார். அகன்ற முனைப் பேனாவால் எழுதும் கலையை நூல்களைப் பார்த்துத் தாமே பயின்றவர் அவர். அவர் வடிவமைத்த 'சாப்ஃப் சான்சரி' 1979-இல் வெளிவந்தது. 1986-இல் வந்த ஆப்பிள் நிறுவனத்தின் லேசர்ரைட்டர் பிளஸ் அச்சுப்பொறியில், உடன் வழங்கப்பட்ட 35 எழுத்து வகைகளுள் அதுவும் ஒன்றாயிற்று. பொறியோடு எழுத்தும் உலகெங்கும் பரவியது. சான்றிதழ், வாழ்த்து மடல், உணவு விடுதிப் பட்டியல், மண அழைப்பு ஆகிய அனைத்திலும் அது குடிபுகுந்ததற்கு அதன் அழகு மட்டும் காரணமன்று. கேட்காமலே கைக்கு வந்து சேர்ந்ததும் காரணமாகும்.

கொடிபோல் சுருளும் மற்றோர் எழுத்துக்கும் இத்தகைய வரலாறே உண்டு. 18-ஆம் நூற்றாண்டையொட்டி இலண்டன் நகரில் வணிகக் கணக்கர்களுக்குக் கையெழுத்துக் கற்பித்த ஆசிரியர்கள் சார்லஸ் ஸ்னெல், ஜார்ஜ் ஷெல்லி போன்றோர். அவர்கள் கூர்முனைப் பேனாவால் எழுதிய 'வட்டக் கையை' மாத்யூ கார்ட்டர் என்னும் வடிவமைப்பாளர் 1960-களிலும் 1972-இலும் அச்செழுத்தாக்கி, அவ்விருவர் பெயரையே அவற்றுக்குச் சூட்டினார்.

நாமும் ஒரு நடுவணரசு அலுவலகத்தில் எழுத்தர் என்னும் பெயரோடு காலம் கழிப்பவரே. ஆதலின் இதனைச் சற்றுப் பெருமிதத்துடனேயே சொல்கிறோம்: இன்று செல்வத்தின் அடையாளமாகத் தோன்றும் இவ்விரு எழுத்துகளையும் ஈன்றவர்கள் அரண்மனை ஓவியர்கள் அல்லர், நாள்தோறும் கோப்பும் கணக்கும் எழுதிய எழுத்தர்கள். நாள்தோறும் எழுதிய கை முதலில் பிறந்தது. அழகு அதன் பின்னர் வந்தது. அச்சு இறுதியில் வந்தது. எழுதாத கைக்கு எந்தக் கடையிலும் அழகு விற்பதில்லை.

கொல்லத்துச் செப்பேட்டின் சாட்சி

அப்படியாயின் தமிழுக்கு அத்தகைய கை இருந்ததில்லையா? நாம் வாழும் இதே மண்ணே விடை கூறும். பாண்டி நாட்டிலும் சேர நாட்டிலும் வழங்கிய வட்டெழுத்து, பெயராலேயே தன் அழகைச் சொல்வது. சோழர் ஆட்சிக்குப் பின் பாண்டி நாட்டில் அது வழக்கொழிந்தது. வேணாட்டிலோ தொடர்ந்து வாழ்ந்து, கோலெழுத்து, மலையாண்மை என்னும் வடிவங்களாக வளர்ந்து, 19-ஆம் நூற்றாண்டுவரை திருவிதாங்கூர்க் கணக்கர்களின் எழுத்தாணியில் ஓடியது. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகச் சுருணைகள் அக்கணக்கர்களின் கைவண்ணமே. திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியிலுள்ள ஆவணக் காப்பகத்தில் 2022-இல் திறக்கப்பட்ட ஓலைச்சுவடி அருங்காட்சியகத்திற்கு நம்மில் எத்தனை குடும்பங்கள் சென்றுவந்தன? பேரங்காடிக்குச் செல்லும் தொலைவுதானே அதுவும்?

அக்கல்லெழுத்துகளைப் படித்து வேணாட்டு வரலாற்றை எழுதியவர்களுள் முன்னோடி யார்? மனோன்மணீயம் தந்த பேராசிரியர் சுந்தரனார். ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்த அவர், திருவிதாங்கூரின் பழைய மன்னர்களைப் பற்றிய ஆய்வு நூலை 1894-இல் வெளியிட்டார். அவரும் நம்மைப்போல் இம்மண்ணில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தவரே. அவர் பாறையில் இருந்ததைப் படித்தார். நாம் பலகையில் இருப்பதைப் படிக்கத் தடுமாறுகிறோம்.

இன்னொரு சாட்சியும் உண்டு. கி.பி. 849-இல் சேர மன்னன் தாணுரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடுகள் புகழ்பெற்றவை. அவற்றின் வாசகம் வட்டெழுத்தில் உள்ளது; மொழியைத் தமிழறிஞர் பழந்தமிழ் என்பர், மலையாள அறிஞர் பழமலையாளம் என்பர். அவ்வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். இறுதி ஏட்டைப் பாருங்கள். கடல் கடந்து வணிகத்துக்கு வந்து கொல்லத்தில் தங்கிய அயலார் பலர் சாட்சிக் கையொப்பம் இட்டிருக்கின்றனர். சிலர் கூஃபி என்னும் அரபு எழுத்தில், சிலர் பஹ்லவியில், சிலர் எபிரேய எழுத்தால் எழுதிய பாரசீகத்தில். வந்த நாட்டின் ஆவணம் வந்த நாட்டின் எழுத்தில் இருந்தது. அதனை அவர்கள் மதித்தனர். ஆனால் தம் பெயரைத் தம் எழுத்தில் எழுதினர். அவர்களை யாரும் பண்பற்றவர் என்னவில்லை; அவர்கள் வணிகமும் கெடவில்லை. 1,100 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்கள் யார் என்பதை அக்கையொப்பங்களே உலகுக்கு உரைக்கின்றன.

புலம்பெயர்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்களே, நம் வீட்டுத் திருமணத்தின் சாட்சி ஏடு எந்த எழுத்தில் இருக்கிறது?

கோலின் அழகு வேறு, பேனாவின் அழகு வேறு

தமிழில் அழகெழுத்து வேண்டும் என்று சிலர் புறப்பட்டு, ஆங்கிலச் சாய்வெழுத்தின் முகமூடியைத் தமிழுக்கு மாட்டுகின்றனர். இதனையும் நாம் ஏற்கவில்லை. ஆங்கிலச் சான்சரியின் அழகு தடிப்பும் மென்மையும் மாறி மாறி வருவதில் உள்ளது. அகன்ற முனைப் பேனா தரும் அழகு அது. தமிழ் எழுத்தோ ஓலையில் கூர்மையான எழுத்தாணியால் கீறப்பட்டு வளர்ந்தது. அங்கே கோட்டின் கனம் ஒன்றே. அழகெல்லாம் வளைவிலும் சுழியிலும் எழுத்துகளுக்கிடையே விடும் வெளியிலும் அமைந்தது. நேர்க்கோடு இழுத்தால் ஓலை நாரின் வழியே கிழியும் என்பதால் வளைவு மிகுந்தது என்பர் அறிஞர்.

இதனினும் முதன்மையான வேறுபாடு ஒன்றுண்டு. ஆங்கில எழுத்தின் வாலை எவ்வளவு நீட்டினாலும் அது அணியே, ஒலி மாறாது. தமிழிலோ வளைவுதான் உயிர். 'ட'வின் மேலே ஒரு வளைவு சேர்ந்தால் 'டி'. அது சுழித்தால் 'டீ'. கீழே வளைந்தால் 'டு'. 'எ'யின் அடியில் ஒரு கோடு இழுத்தால் 'ஏ'. இரண்டு சுழியானால் 'ன', மூன்று சுழியானால் 'ண'. அழகுக்கென்று ஒரு சுழியைக் கூட்டினால் மனம் மணமாகிவிடும். குறைத்தால் திருமணம் திருமனமாகிவிடும். ஆதலின் தமிழில் அழகெழுத்து அமைப்பவன் முதலில் தமிழ் எழுதத் தெரிந்தவனாக இருத்தல் வேண்டும். படம் வரையத் தெரிந்தால் மட்டும் போதாது.

தமிழ் எழுத்தில் அச்சிட்ட முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் வெளிவந்ததும் அதே கொல்லத்தில்தான். 16 பக்கங்களே கொண்ட அச்சிறுநூலில் தொடங்கி, 19-ஆம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் செப்பம் செய்து, வின்சுலோ அகராதியை 1862-இல் அச்சிட்ட நேர்த்தியான சிற்றெழுத்துகள்வரை, தமிழ் அச்செழுத்தின் வளர்ச்சி நெடியது. ஆனால் அவ்வளர்ச்சி பெரும்பாலும் படிப்பெழுத்தின் வளர்ச்சியே. கையெழுத்தின் அழகை அச்சுக்குக் கொணரும் பணியை இதழ்களின் ஓவியர்களே தனியே செய்துவந்தனர். கதைத் தலைப்புகளைக் கையால் எழுதிய வார இதழ் ஓவியர்களையும், சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் தலைப்பெழுத்துத் தந்த கே. எம். ஆதிமூலத்தையும் (1938–2008) நம் தலைமுறை அறியும். இன்று இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் என்னும் வடிவமைப்பாளர், கையெழுத்துச் சாயல் கொண்ட சாய்ந்த தமிழ் எழுத்துரு ஒன்றை ஆக்கி, எவரும் விலையின்றிப் பயன்படுத்தும்படி அளித்திருக்கிறார். தமிழுக்கு அழகெழுத்து இல்லை என்று சொன்ன கடையில் இல்லாதது எழுத்தன்று, தேடும் எண்ணமே.

எழுத்துச் சீர்திருத்தத்தையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். பெரியார் 1935 முதல் குடிஅரசில் கையாண்ட திருந்திய வடிவங்களைத் தழுவித் தமிழக அரசு 1978-இல் ஆணையிட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் சீராயின. அச்சுக் கோப்பவருக்கும் தட்டச்சருக்கும் அது பேருதவி. அதனை நாம் எதிர்க்கவில்லை. ஆயினும் அச்சுக்கு வகுத்த விதியைக் கைக்கும் வகுத்துக்கொண்டோம். அன்று கல்லாற்றங்கரையில் ஆச்சி பேனா ஒன்றைக் கேட்டு வாங்கி, மணப்பெண்ணின் பெயரை அட்டையின் பின்புறம் தமிழில் எழுதிக்கொண்டார். அப்பெயரில் ஒரு 'லை' இருந்தது. யானையின் துதிக்கைபோல் மேலெழுந்து வளைந்த பழைய 'லை'. "இது என்ன படம், ஆச்சி?" என்று கேட்ட சிறுவன், ஈர விரலால் அதனைப் பாறைமேல் மூன்று முறை வரைந்து பார்த்தான். அழகு அவனை அழைத்தது. அட்டையின் பொன்னெழுத்து அவனை அழைக்கவில்லை.

நம் மலையாள அண்டையரிடமும் கற்கவேண்டியது உண்டு. அவர்களும் 1971-இல் தட்டச்சுக்காகத் தம் கூட்டெழுத்துகளைப் பிரித்தனர். ஆனால் கணினி வந்து அத்தடை நீங்கியதும், 1999-இல் 'ரசனா' இயக்கத்தார் பழைய முழு வடிவங்களை எழுத்துருவாக மீட்டெடுத்தனர். இந்நகரத்திலேயே நாராயண பட்டதிரி, கலாகௌமுதி இதழின் கதைத் தலைப்புகள் தொடங்கிப் பல்லாண்டுகளாக மலையாள எழுத்தைத் தூரிகையால் ஆடவைக்கிறார். பயன்பாட்டுக்கு எளிய வடிவம், அணிக்கு முழு வடிவம் என்று இரண்டையும் வைத்துக்கொள்ள அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கும் அது முடியாதா?

எங்கே இடலாம், எங்கே ஆகாது

அழகெழுத்துக்கு அளவு உண்டு. அணிகலன் அணியலாம், அணிகலனையே ஆடையாக உடுத்த இயலாது. மணமக்கள் பெயர், நூலின் தலைப்பு, வாழ்த்து மடலின் முதல் வரி, சான்றிதழில் பெறுபவர் பெயர் ஆகியவை அழகெழுத்துக்கு உரியவை. நாள், நேரம், மண்டபத்தின் முகவரி, நீண்ட உரை ஆகியவை தெளிவான படிப்பெழுத்துக்கு உரியவை. முகூர்த்த நேரத்தைச் சுருளெழுத்தில் அச்சிட்டால், விருந்தினர் தாலி கட்டிய பின்னரே வந்து சேர்வர். ஆங்கிலத்திலும் இதே நெறிதான். சான்சரி வகையில் பெரிய எழுத்துகளை மட்டும் அடுக்கி ஒரு சொல்லை எழுதினால் அதனை எவராலும் படிக்க இயலாது. சாப்ஃப் போன்ற கலைஞர்கள் அறிந்திருந்த இவ்வளவை நம் அழைப்பிதழ்கள் அறியவில்லை.

"எழுத்து எப்படி இருந்தால் என்ன, பொருளன்றோ முக்கியம்?" என்பார் சிலர். அவர்கள் வீட்டு வாயிலில் கோலம் இடுவதை நிறுத்திவிட்டார்களா? அரிசி மாவின் கோட்டுக்கும் பொருள் இல்லை, அழைப்பு உண்டு. "ஆங்கிலம் அனைவர்க்கும் பொது" என்பார் வேறு சிலர். ஆங்கிலத்தை விலக்குக என்று நாம் சொல்லவில்லை. உடன் பணியாற்றும் மலையாள, இந்தி நண்பர்களுக்கு அது வேண்டும். நாம் கேட்பது, தமிழை அட்டையின் முதுகுக்கும் தள்ளாமல் அட்டையிலிருந்தே தள்ளிவிட்ட நீதி என்ன என்பதே. "பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே" என்பது மூன்றாம் விடை. அவர்கள் கண்முன் தமிழ் இருந்தாலன்றோ படிப்பர்? வீட்டில் அழகாக இருப்பவை எல்லாம் ஆங்கிலத்திலும், மளிகைப் பட்டியல் மட்டும் தமிழிலும் இருக்குமாயின், எது உயர்ந்தது என்று குழந்தை தானே முடிவு செய்துகொள்ளும். அதற்குப் பாடம் எடுக்க வேண்டுவதில்லை.

நாம் செய்ய வேண்டுவது

எழுத்துரு வாங்கவும் வேண்டா. கலைஞரைத் தேடவும் வேண்டா. வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் வெள்ளைத் தாளும் கருமைப் பேனாவும் கொடுங்கள். மணமக்களின் பெயர்களைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். கை நடுங்கினாலும் குற்றமில்லை. முன்னாளில் அதனை அச்சிடத் தனியே பிளாக் செய்யவேண்டியிருந்தது. இன்று கடைக்காரர் சில மணித்துளிகளில் அதனைப் படமெடுத்து அட்டையில் பொன்னாக்கித் தருவார். உலகில் வேறெந்த அழைப்பிதழிலும் இல்லாத எழுத்து உங்கள் அழைப்பிதழில் இருக்கும். அந்த மூத்தவர் மறைந்த பின்னும் அக்கை அட்டையில் இருக்கும்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். திங்களுக்கு ஒரு ஞாயிறு, தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாத கையெழுத்து வகுப்பு ஒன்றை நடத்துங்கள். ஆசிரியர்களாக நம் ஆச்சிகளையும் தாத்தாக்களையும் அமர்த்துங்கள். அடுத்த மலரில் சில பக்கங்களை அச்செழுத்தில்லாமல், பிள்ளைகள் எழுதிய எழுத்திலேயே வெளியிடுங்கள். கோணலாக இருக்கட்டும்; கல்லாற்றின் கற்களும் ஒரே நாளில் உருண்டவை அல்ல.

கொல்லத்துச் செப்பேட்டில் அயல்நாட்டு வணிகன் தன் பெயரைத் தன் எழுத்தில் பொறித்தான். அவன் பெயரன் பெயர்த்தியரும் அதனைப் படித்திருப்பர். நம் பெயரன் பெயர்த்தியர் நம் பெயரைப் படிப்பார்களா என்பதே இன்றைய வினா. படிப்பார்களாயின், பொன்முடிச் சாலையின் அந்தப் பலகை அவர்களுக்கு ஊரின் பெயர். இல்லையேல், அவர்கள் படிக்கும் 'கல்லார்' என்னும் சொல் அவர்களை வளர்த்த நமக்கு இட்ட பெயராகவே நிற்கும்.